அமிகா 1200-இல் ஹார்ட் டிஸ்க் இழுத்தடிக்கிறதா? புது டிஸ்க் வாங்கும் முன் இதையெல்லாம் பாருங்கள்

அமிகா 1200 என்ற பழைய வீட்டுக் கணினி வைத்திருக்கும் ஒருவர் "ஹார்ட் டிஸ்க் ரொம்ப மெதுவா இருக்கு" என்று சொன்னால் உடனே கிடைக்கும் பதில், அதைக் கழற்றிவிட்டு டிஸ்க்குக்குப் பதில் ஒரு சிஎஃப் (காம்பேக்ட் ஃப்ளாஷ்) மெமரி கார்டு போடு என்பதுதான். மோசமான யோசனை இல்லை. ஆனால் கார்டு போட்ட பிறகும் பல பேருக்கு வேகம் அப்படியே இருக்கும், அப்போது கார்டைத் திட்டிக்கொண்டு இன்னொரு கார்டு வாங்குவார்கள். இந்த மெஷினில் வேகத்தைத் தின்பது பெரும்பாலும் டிஸ்க் இல்லை, டிஸ்க்கிலிருந்து மெமரிக்குப் போகும் வழிதான். அந்த வழியில் அடைப்பு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதிச் சிக்கல்கள் செலவே இல்லாமல் தீரும்.

கொமடோர் 1992-இல் வெளியிட்ட இந்த மெஷினில் 14 மெகாஹெர்ட்ஸ் 68ஈசி020 சிபியுவும் 2 மெகாபைட் சிப் ராமும் இருக்கின்றன. டிஸ்க்கை மாட்டும் ஐடிஇ இணைப்பைக் கவனித்துக்கொள்வது கெய்ல் என்ற சிப். சிபியு உதவியின்றித் தரவை மெமரிக்கு நகர்த்தும் டிஎம்ஏ வசதி கிடையாது. அதாவது டிஸ்க்கிலிருந்து வரும் ஒவ்வொரு இரண்டு பைட்டையும் சிபியுவே எடுத்து மெமரியில் வைக்க வேண்டும், குழாய் இல்லாத வீட்டில் குடம் குடமாகத் தண்ணீர் சுமக்கிற மாதிரி. சுமக்கிறவர் களைத்துப் போனால் கிணற்றில் எவ்வளவு தண்ணீர் இருந்தும் பயனில்லை. போதாததற்கு அந்த 2 மெகாபைட் சிப் ராமைத்தான் திரையை வரையும் சிப்புகளும் பயன்படுத்துகின்றன, சிபியு பல நேரம் தன் முறைக்குக் காத்து நிற்கிறது.

இதை முதலிலேயே சொல்லக் காரணம், எதிர்பார்ப்பைச் சரியாக வைத்துக்கொள்ளத்தான். இந்த ஐடிஇ இயங்குவது பிஐஓ மோடு 0 என்ற, சிபியுவே தரவைச் சுமக்கும் முறைகளில் மிக மெதுவானதில், அதன் உச்சவரம்பே நொடிக்கு 3.3 மெகாபைட். எதுவும் கூட்டாத 1200-இல் சுமார் 1 மெகாபைட் வந்தால் அது நோயில்லை, அதுதான் அதன் இயல்பு. ஃபாஸ்ட் ராமும் (திரைச் சிப்புகள் தொடாத, சிபியுவுக்கு மட்டுமான மெமரி) வேகமான சிபியுவும் உள்ள ஆக்ஸிலரேட்டர் கார்டு போட்டால் 2 மெகாபைட்டை ஒட்டி வரும். 68030 என்ற வேகமான சிபியு போட்டும் நொடிக்கு 400, 500 கிலோபைட்டில் தவழ்கிறது என்றால் அப்போது ஏதோ கோளாறு இருக்கிறது என்று உறுதியாகச் சொல்லலாம். அந்தக் காலத்து 20, 40 மெகாபைட் சின்ன டிஸ்க்குகள் சில நொடிக்கு 1 மெகாபைட் வேகத்தைத் தொடவே தொடாது, அதையும் கணக்கில் வையுங்கள்.

எதைத் தொடும் முன்பும் ஒரு நகல்

கீழே சொல்லும் சில மாற்றங்கள் டிஸ்க்கின் பார்ட்டிஷன் விவரங்களில் கை வைப்பவை. டிஸ்க்கையோ கார்டையோ கழற்றி, பொருத்தமான அடாப்டர் வழியாக ஒரு பிசியில் மாட்டி, முழு டிஸ்க்கையும் ஒரே இமேஜ் ஃபைலாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வின்யூஏஇ எமுலேட்டரில் அந்த இமேஜையே பூட் செய்து பார்த்துவிட்டால் நகல் ஒழுங்காக வந்திருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். விண்டோஸ் இந்த டிஸ்க்கைப் பார்த்ததும் "இனிஷியலைஸ் செய்யட்டுமா" என்று கேட்கும். எந்தக் காரணம் கொண்டும் சம்மதிக்காதீர்கள், அமிகாவின் பார்ட்டிஷன் அட்டவணை அத்தோடு போய்விடும்.

எந்த மாதிரி மெதுவு?

"மெதுவு" என்று சொல்வதில் குறைந்தது நான்கு தனித்தனி விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. பவர் போட்டு பூட் ஆகவே நேரம் ஆகிறதா? பெரிய ஃபைலைக் காப்பி செய்யும்போது இழுக்கிறதா? ஒரு டிராயரை (அமிகாவில் ஃபோல்டருக்குப் பெயர்) திறந்தால் ஐகான்கள் ஒவ்வொன்றாக வந்து விழுகின்றனவா? இல்லை, பூட் ஆகி முடிந்த பிறகும் டிஸ்க் விளக்கு சில நிமிடம் மினுக்கிக்கொண்டே இருந்து அதுவரை எல்லாமே தடவுகிறதா? ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு.

கடைசியாகச் சொன்னதுதான் எளிதில் தீர்வது. எழுதிக்கொண்டிருக்கும்போது ரீசெட் ஆனாலோ கரண்ட் போனாலோ, அடுத்த பூட்டில் அமிகாவின் ஃபைல் சிஸ்டமான எஃப்எஃப்எஸ் (ஃபாஸ்ட் ஃபைல் சிஸ்டம்) முழு பார்ட்டிஷனையும் பின்னணியில் சரிபார்க்கத் தொடங்கும். ஷெல்லில் (கட்டளை அடிக்கும் விண்டோவில்) இன்ஃபோ என்று அடித்தால் அந்த பார்ட்டிஷனுக்கு எதிரே "வேலிடேட்டிங்" என்று காட்டும். முடியும் வரை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு பூட்டிலும் இதே கதை என்றால் இரண்டு சாத்தியம்: எழுதி முடிவதற்குள் நீங்கள் பவரை அணைக்கிறீர்கள் (விளக்கு அணைந்த பிறகும் இரண்டு மூன்று நொடி பொறுங்கள்), அல்லது சரிபார்ப்பு முடியாதபடி எங்கோ ஒரு ப்ளாக் கெட்டிருக்கிறது.

பூட் தாமதத்துக்கு மாஸ்டர், ஸ்லேவ் (ஒரே கேபிளில் முதல் டிஸ்க் எது, இரண்டாவது எது என்ற அமைப்பு) குழப்பமும் காரணமாகலாம். இல்லாத இரண்டாவது டிஸ்க்கைத் தேடி கிக்ஸ்டார்ட் (ரோம் சிப்பில் இருக்கும் தொடக்க மென்பொருள்) காத்து நிற்கும், திரை வெறுமையாகக் கிடக்கும். டிஸ்க்கில் இதைத் தீர்மானிக்கும் ஜம்பரைச் சரிபாருங்கள்.

சுத்தமான பூட்டில் அளவெடுப்பது

ரீசெட் செய்யும்போது மவுஸின் இரண்டு பட்டனையும் அழுத்திப் பிடித்தால் எர்லி ஸ்டார்ட்அப் மெனு வரும். அதில் ஸ்டார்ட்அப் சீக்வென்ஸ் (பூட் ஆகும்போது ஓடும் கட்டளைகளின் ஃபைல்) இல்லாமல் பூட் ஆகும்படி தேர்ந்தெடுங்கள். இப்போது உங்கள் மெஷினில் பேட்ச், ஸ்கிரீன் பிளாங்கர், வைரஸ் செக்கர் எதுவும் ஓடவில்லை. ஷெல்லில் செட்பேட்ச் (சிஸ்டத்தின் திருத்தங்களை ஏற்றும் கட்டளை) மட்டும் ஓட்டிவிட்டு அளவெடுங்கள், அப்புறம் வழக்கமான பூட்டில் இன்னொரு முறை. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் குற்றவாளி டிஸ்க் இல்லை, உங்கள் ஸ்டார்ட்அப் ஃபைலில் உட்கார்ந்திருக்கிறது. பாதி வரிகளை ஓடாதபடி கமெண்ட் ஆக்கி ஆக்கிப் பார்த்தால் சிக்கிவிடும்.

அளக்க சிஸ்இன்ஃபோ என்ற புரோகிராமை எல்லோரும் சொல்வார்கள், ஒரு நொடியில் ஒரு எண்ணைக் காட்டும், மேலோட்டமாகப் பார்க்க அது போதும். என் ஓட்டு டிஸ்க்ஸ்பீடுக்குத்தான், அமிகா மென்பொருள் சேமிப்புத் தளமான அமிநெட்டில் கிடைக்கும். 512 பைட்டிலிருந்து 262144 பைட் வரை வெவ்வேறு அளவு பஃபர்களில் (தரவைத் தற்காலிகமாக வைக்கும் மெமரித் துண்டுகளில்) படித்தும் எழுதியும் பார்க்கும். சிப் ராம், ஃபாஸ்ட் ராம் இரண்டிலும் தனித்தனியாகச் சோதிக்கும். ஃபைல் உருவாக்கும் வேகம், டைரக்டரியைப் படிக்கும் வேகம், அந்த நேரத்தில் சிபியு எவ்வளவு சும்மா இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லும்.

இந்த எண்களைப் படிக்கும் விதம்தான் முக்கியம். 512 பைட் பஃபரில் வேகம் கம்மியாக வருவது இயல்பு, அதைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம். 262144 பைட் வரிசையைப் பாருங்கள். அங்கே நல்ல எண் வந்து, டைரக்டரி படிக்கும் எண் மட்டும் மோசம் என்றால் சிக்கல் ஃபைல் சிஸ்டத்தில். இரண்டுமே மோசம் என்றால் டிஸ்க், கேபிள், பவர், அல்லது சிபியு பக்கம். எல்லாவற்றையும்விட சுவாரசியமான முடிவு ஒன்று உண்டு: சிப் ராம் சோதனை வேகமாகவும் ஃபாஸ்ட் ராம் சோதனை மெதுவாகவும் வருவது. ஃபாஸ்ட் ராம் எப்போதும் முந்த வேண்டும், அதுவே பிந்துகிறது என்றால் அடுத்த பத்தி உங்களுக்காகத்தான்.

மாஸ்க் என்ற மறந்துபோன அமைப்பு

அமிகாவின் டிஸ்க் அமைப்பு புரோகிராமான ஹெச்டிடூல்பாக்ஸில் பார்ட்டிஷன் டிரைவ் திரைக்குப் போய், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸை இயக்கி, சேஞ்ச் ஃபைல் சிஸ்டம் பட்டனை அழுத்தினால் மாஸ்க், மேக்ஸ் டிரான்ஸ்ஃபர் என்று இரண்டு எண்கள் தெரியும். இரண்டும் பதினாறடிமான எண்கள்.

டிஸ்க்கின் தரவை மெமரியின் எந்த முகவரி வரை நேரடியாகக் கொண்டுபோகலாம் என்பதைச் சொல்வது மாஸ்க். அமிகா 2000 காலத்து டிஎம்ஏ கார்டுகளால் முதல் 16 மெகாபைட் முகவரிக்கு மேல் எட்ட முடியாது, அவற்றுக்காக வைத்த ஏற்பாடு இது. 1200-இன் ஐடிஇயில் டிஎம்ஏவே இல்லை, சிபியு எட்டும் இடமெல்லாம் டிஸ்க்கும் எட்டும், ஆகவே இங்கே கட்டுப்பாடு தேவையே இல்லை. ஆனால் பழைய மெஷினிலிருந்து கழற்றிய டிஸ்க், யாரோ எங்கோ தயாரித்துப் பகிர்ந்த இமேஜ், ஆக்ஸிலரேட்டர் வாங்கும் முன்பு பிரித்த பார்ட்டிஷன் என்று ஏதோ ஒரு வழியில் பழைய எண் அப்படியே தங்கிவிடுகிறது. 32 பிட் ஆக்ஸிலரேட்டர் கார்டுகளின் மெமரி பெரும்பாலும் அந்த 16 மெகாபைட் எல்லைக்கு மேலேதான் இருக்கும். அப்போது என்ன ஆகும் என்றால், அந்த முகவரிக்கு நேரடியாகப் போக அனுமதி இல்லை என்று எஃப்எஃப்எஸ் நினைத்து, ஒவ்வொரு ப்ளாக்காகத் தன் பஃபரில் படித்து, அங்கிருந்து உங்கள் மெமரிக்கு நகலெடுக்கும். ஒரே மூச்சில் 100 கிலோபைட் வர வேண்டிய இடத்தில் அரை அரை கிலோபைட்டாக வரும். காசு செலவழித்து 68030 போட்டவருக்கு முன்பைவிட மெதுவாக ஓடுவது இதனால்தான்.

எண் 0எக்ஸ்-க்குப் பிறகு ஐந்து எஃப்பும் ஒரு இ-யும் என்று முடிந்தால் அது 16 மெகாபைட் கட்டுப்பாடு. ஒரு 1, நான்கு எஃப், ஒரு இ என்றிருந்தால் இன்னும் மோசம், அது 2 மெகாபைட் சிப் ராமுக்குள்ளேயே பூட்டி வைப்பது. 1200-க்கு இருக்க வேண்டியது ஒரு 7, ஆறு எஃப், கடைசியில் ஒரு இ. மாஸ்க்கையும் மேக்ஸ் டிரான்ஸ்ஃபரையும் மாற்ற ஃபார்மேட் செய்யத் தேவையில்லை. அதே திரையில் ஃபைல் சிஸ்டத்தின் வகையையோ ப்ளாக் அளவையோ மாற்றினால்தான் தரவு போகும், அவற்றின் மேல் கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லா பார்ட்டிஷனுக்கும் ஒவ்வொன்றாக மாற்றி, சேவ் செய்து, ரீபூட் செய்தபின் டிஸ்க்ஸ்பீடை மறுபடி ஓட்டுங்கள்.

மேக்ஸ் டிரான்ஸ்ஃபர்

ஒரு கட்டளைக்கு அதிகபட்சம் எவ்வளவு தரவு என்பதை இது சொல்கிறது. ஐடிஇயில் ஒரே கட்டளையில் 256 செக்டர் (ஒவ்வொன்றும் 512 பைட்) வரை கேட்கலாம், ஆனால் அந்த 256 என்பது 0 என்று குறியிடப்படுவதால் சில டிஸ்க்குகளும் கார்டுகளும் அங்கே தடுமாறும். எனவே 255 செக்டரோடு நிறுத்துவது வழக்கம்: 130560 பைட், அதாவது 0எக்ஸ்1எஃப்இ00. ஹெச்டிடூல்பாக்ஸ் தானாகப் போடும் எண் இதைவிடப் பல மடங்கு பெரியது. இது வேகத்தைவிடத் தரவின் பாதுகாப்புக்குத்தான் முக்கியம், சின்ன ஃபைல்கள் எல்லாம் நன்றாக இருந்து பெரிய ஆர்க்கைவ்கள் மட்டும் கெட்டுப்போகிறது என்றால் இங்கேதான் பார்க்க வேண்டும். பயந்துபோய் இதை ரொம்பச் சின்னதாக வைப்பவர்களும் உண்டு, அப்போது கட்டளைகளின் எண்ணிக்கை கூடி வேகம் குறையும்.

பஃபர்கள்

ஷெல்லில் ஆட்பஃபர்ஸ் டிஹெச்0: (டிஹெச்0: என்பது பார்ட்டிஷனின் பெயர்) என்று அடித்தால் இப்போது எத்தனை பஃபர் என்று சொல்லும். அநேகமாக 30 இருக்கும், அது ரொம்பக் குறைவு. ஆட்பஃபர்ஸ் டிஹெச்0: 150 என்று கூட்டிப் பாருங்கள். டைரக்டரி பட்டியல் இரண்டாம் முறை எடுக்கும்போது வித்தியாசம் நன்றாகத் தெரியும். ஒவ்வொரு பஃபரும் அரை கிலோபைட்டுக்குச் சற்று மேல் மெமரி எடுக்கும், ஃபாஸ்ட் ராம் இல்லாத மெஷினில் கைக்கு அடக்கமாக வையுங்கள். பிடித்த எண் கிடைத்ததும் அந்த வரியை யூசர் ஸ்டார்ட்அப் ஃபைலில் சேர்த்துவிடுங்கள். இதனால் பெரிய ஃபைல் காப்பி வேகமாகாது, அது பஃபர் பக்கமே வராமல் நேரடியாகப் போகிறது. அதற்காக ஆயிரக்கணக்கில் கூட்டுவதில் அர்த்தமில்லை.

டிராயர் திறக்க ஏன் இவ்வளவு நேரம்

பலருடைய புகார் உண்மையில் இதுதான். எஃப்எஃப்எஸ்-இல் ஒவ்வொரு ஃபைலுக்கும் தனியாக ஒரு ஹெடர் ப்ளாக் உண்டு, டிராயருக்குள் 72 இடமுள்ள ஒரு ஹேஷ் அட்டவணை இருக்கும். ஃபைலின் பெயர் அந்த அட்டவணையில் இல்லை, ஹெடரில்தான் இருக்கிறது. ஆகவே ஒரு டிராயரில் என்னென்ன இருக்கிறது என்று பார்க்கவே ஒவ்வொரு ஹெடரையும் போய்ப் படிக்க வேண்டும், அவை டிஸ்க் முழுக்கச் சிதறிக் கிடந்தால் டிஸ்க்கைப் படிக்கும் ஹெட் அங்கும் இங்கும் ஓடும். ஐகான்களைக் காட்டும் அமிகாவின் டெஸ்க்டாப்பான ஒர்க்பெஞ்ச் இதோடு விடாது, ஒவ்வொரு ஐகான் ஃபைலையும் திறந்து படத்தையும் படிக்கும். 200 ஐகான் உள்ள ஒரு கேம்ஸ் டிராயர் என்றால் அதைத் திறக்க எத்தனை தாவல் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

தீர்வு மூன்று விதம். டிராயரைப் பிரியுங்கள், எழுத்து வாரியாக உள் டிராயர்கள் போட்டால் உடனே பலன் தெரியும். அடுத்தது, பார்ட்டிஷனை அப்படியே வேறிடத்துக்குக் காப்பி செய்து, க்விக் ஃபார்மேட் போட்டு, திரும்பக் கொண்டுவருவது. சிதறல் சேர்ந்து அடுக்காகிவிடும், சுழலும் டிஸ்க்குக்கு இது நல்ல மருந்து. இருக்கிற இடத்திலேயே அடுக்கித் தரும் ரீஆர்க் மாதிரி டூல்கள் இருக்கின்றன, நடுவில் கரண்ட் போனால் என்ன ஆகும் என்று நினைத்தாலே எனக்கு அவற்றைப் பரிந்துரைக்க மனம் வராது. மூன்றாவது, ஃபைல் சிஸ்டத்தையே மாற்றுவது: பிஎஃப்எஸ்3 ஏஐஓ என்ற ஃபைல் சிஸ்டம் இலவசம், டைரக்டரி விஷயத்தில் எஃப்எஃப்எஸ்-ஐ எளிதாக முந்தும், கரண்ட் போனாலும் வேலிடேட் செய்கிறேன் என்று உட்காராது. வேலைக்கான பார்ட்டிஷனுக்கு நான் இதையே சொல்வேன்.

டைரக்டரி கேஷ் என்று ஃபார்மேட் விண்டோவில் ஒரு தேர்வு இருக்கும். பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். பட்டியல் வேகமாகும், ஆனால் ஒவ்வொரு முறை எழுதும்போதும் கூடுதல் வேலை, ஃப்ளாப்பிக்கு வேண்டுமானால் சரி. ஃபாஸ்ட் ஃபைல் சிஸ்டம் தேர்வு விட்டுப்போய் பழைய ஓஎஃப்எஸ்-இல் ஃபார்மேட் ஆன பார்ட்டிஷனையும் அபூர்வமாகப் பார்க்கலாம். அதில் 512 பைட் ப்ளாக்கில் 488 பைட்தான் தரவு, அதனால் எதையும் நேரடியாக மெமரிக்கு அனுப்ப முடியாது. சிஸ்இன்ஃபோவின் டிரைவ்ஸ் பக்கத்தில் எந்த வகை என்று தெரியும்.

திரையும் மெமரியும்

256 நிறத்தில் ஹை ரெஸ் ஒர்க்பெஞ்ச் அழகுதான், ஆனால் அந்தப் படத்தை வரைய ஏஜிஏ என்ற திரைச் சிப்புகள் சிப் ராமை விடாமல் படித்துக்கொண்டிருக்கும். ஃபாஸ்ட் ராம் இல்லாத மெஷினில் டிஸ்க் வேகமும் அதோடு விழும். 4 நிறத்துக்கு இறக்கி அதே சோதனையை ஓட்டுங்கள், வித்தியாசத்தை எண்ணே சொல்லும்.

காசு செலவழிக்கத் தயார் என்றால் முதல் செலவு ஃபாஸ்ட் ராமாக இருக்கட்டும், 4 மெகாபைட் சேர்த்தாலே மெஷினின் பொது வேகம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும், டிஸ்க்கும் கூடவே ஏறும். எம்எம்யு (மெமரி முகவரிகளை மாற்றிக் காட்டும் பகுதி) உள்ள 68030 இருந்தால் சிபியு கட்டளையை ஃபாஸ்ட்ரோம் தேர்வோடு ஓட்டிப் பாருங்கள், ஐடிஇ டிரைவர் கிக்ஸ்டார்ட் ரோமுக்குள்தான் இருக்கிறது, ரோமை ஃபாஸ்ட் ராமுக்கு மாற்றினால் டிரைவரும் வேகமாக ஓடும். 68ஈசி030-இல் எம்எம்யு இல்லை, அங்கே கார்டின் ஜம்பரில் ரோம் மேப்பிங் (ரோமை ஃபாஸ்ட் ராமுக்கு மாற்றும் வசதி) இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிபியு கேஷ்கள் இயங்குகின்றனவா என்பதையும் அதே கட்டளை காட்டும்.

வன்பொருள்

எண்கள் ஒவ்வொரு முறையும் ஏறி இறங்கி வந்தால், ஒரே ஃபைல் ஒரு நேரம் சட்டென்றும் ஒரு நேரம் டிக் டிக் சத்தத்தோடும் படித்தால், டிஸ்க் மறுமுயற்சி செய்கிறது என்று அர்த்தம். ஹெச்டிடூல்பாக்ஸில் வெரிஃபை டேட்டா ஓட்டுங்கள். கெட்ட ப்ளாக்குகள் கூடிக்கொண்டே போனால் இனி அந்த டிஸ்க்கோடு மல்லுக்கட்ட வேண்டாம். அதற்கு முன் பவரையும் பார்த்துவிடுங்கள்: ஆக்ஸிலரேட்டரும் சுழலும் டிஸ்க்கும் சேர்ந்தால் 1200-உடன் வந்த சின்ன அடாப்டர் திணறும். ஃப்ளாப்பி டிரைவின் பவர் இணைப்பில் மல்டிமீட்டரை வைத்து, டிஸ்க் வேலை செய்யும்போது 5 வோல்ட் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். அமிகா 500-இன் கனமான அடாப்டர் இதற்கும் பொருந்தும், அதிக ஆம்பியர் தரும். 44 பின் கேபிள் முடிந்தவரை குட்டையாக இருக்கட்டும், ஒரு வரிசை தள்ளி மாட்டிவிடாதீர்கள், அதில்தான் பவரும் போகிறது.

சிஎஃப் கார்டுக்கு மாறுவதானால் பெட்டியில் போட்டிருக்கும் 133 மடங்கு, 600 மடங்கு என்ற எண்ணுக்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். ஒரு மடங்கு என்பது 150 கிலோபைட், 133 மடங்கே சுமார் 20 மெகாபைட், இந்த ஐடிஇ 3-ஐக்கூடத் தாண்டாது. தாவல் நேரம் போய்விடும், சத்தம் போய்விடும், டிராயர்கள் விரைவாகத் திறக்கும், கார்டின் பலன் அங்கேதான். கிக்ஸ்டார்ட் 3.0, 3.1 இரண்டிலும் உள்ள எஃப்எஃப்எஸ்-க்கு முதல் 4 ஜிகாபைட்டுக்கு அப்பால் ஒன்றும் தெரியாது, அதைத் தாண்டி எழுதினால் சுற்றிவந்து டிஸ்க்கின் தொடக்கத்தில் எழுதிவிடும். 3.1.4 அல்லது அதற்குப் பிந்தைய ரோம் இல்லாதவர்கள் 16 ஜிகாபைட் கார்டு வாங்கினாலும் முதல் 4-க்குள் பார்ட்டிஷன்களை முடித்துக்கொண்டு மீதியை வெறுமையாக விடுங்கள். பூட் பார்ட்டிஷனைச் சில நூறு மெகாபைட்டுக்குள் வைத்தால் வேலிடேஷன் வந்தாலும் சீக்கிரம் முடியும். புதிய கார்டிலும் மாஸ்க், மேக்ஸ் டிரான்ஸ்ஃபர் இரண்டையும் ஃபார்மேட் செய்யும் முன்பே போட்டுவிடுங்கள்.